வயிற்று நீரை இன்றே சோதிக்கச் சொல்லுங்கள்

மலாக்கா மாநிலத்தில் ஈரல் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்கு,



ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ஆசகானிலும் செலாண்டாரிலும், இங்கே ஆயர் குரோவின் தாமான்களிலும், ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொண்ட அப்பாவையோ கணவரையோ அண்ணனையோ அம்மாவையோ பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த நீரில் கிருமி ஏறிவிட்டால், காப்பாற்றக் கிடைக்கும் நேரத்தை மணிக்கணக்கில்தான் எண்ண வேண்டும். கிருமி ஏறியிருக்கிறதா என்பதை வயிற்றைத் தொட்டுப் பார்த்தோ முகத்தைப் பார்த்தோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே அந்தச் சோதனை நடக்க வேண்டும். நடக்கவில்லையென்றால் நீங்கள் கேட்க வேண்டும்.

நான் மருத்துவர் அல்ல. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வார்டிலிருந்து வரும் வயிற்று நீரை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதிலுள்ள வெள்ளை அணுக்களை எண்ணிச் சொல்வதும் என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும்போது, கூடவே வந்த பாரத்தை எடுத்துப் பார்ப்பேன். நோயாளி வார்டுக்கு வந்த தேதி ஒன்றாக இருக்கும், நீர் எடுத்த தேதி அதற்கு அடுத்த நாளாகவோ அதற்கும் அடுத்த நாளாகவோ இருக்கும். வீட்டில் எத்தனை நாள் போயிற்று என்பது பாரத்தில் இருக்காது. அதையும் சேர்த்துப் பார்த்தால் மனம் பொறுக்காது. அந்த நாட்களை மீட்க உங்களால் முடியும் என்று நம்புவதால்தான் எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈரல் வடுவேறி இறுகும்போது, குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் கூடுகிறது. உப்பும் நீரும் உடம்பில் தங்கி, வயிற்றறையில் ஊறிச் சேர்கின்றன. பழைய வைத்தியர்கள் மகோதரம் என்றது பெரும்பாலும் இதைத்தான். இப்படிப்பட்ட உடம்பில் குடலின் சுவரும் பலவீனப்பட்டுப் போகிறது. குடலுக்குள் இயல்பாக வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சுவரைக் கடந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து வயிற்று நீருக்கும் போய்ச் சேர்கின்றன. ஆரோக்கியமான ஈரல் என்றால் அவற்றைப் பிடித்து அழித்திருக்கும். இறுகிப்போன ஈரலால் அது முடிவதில்லை. வயிற்று நீரிலும் கிருமியை எதிர்க்கும் புரதம் மிகக் குறைவு. குடலில் ஓட்டை கிடையாது, வெளியில் காயம் கிடையாது. ஆனாலும் நீர் கெட்டுப்போகிறது. அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு கான் 1964-இல் இந்த நோயை விவரித்து எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாகக் கவனிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் இது வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று நேரத்தோடு கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் அந்தக் கண்டத்தைத் தாண்டி வீடு திரும்புகிறார்கள். மருந்துகள் வலுவானது ஒரு காரணம்; சீக்கிரமே நீரை எடுத்துப் பார்க்கப் பழகியது இன்னொரு காரணம்.

இந்த நோயின் பெரிய தொல்லை, அது அடக்கமாக வருவது. காய்ச்சல் கொதிக்கும், வயிறு பிடித்து இழுக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். லேசான காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருப்பார். பேச்சில் குழப்பம் வரும். பேரப்பிள்ளையின் பெயரையே மாற்றிச் சொல்வார். சிறுநீர் குறையும். வயிற்றுப்போக்கு, வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு வரலாம். வழக்கமாகக் கொடுக்கும் நீர் மாத்திரை வேலை செய்யாமல் வயிறு இன்னும் உப்பும். ரத்த வாந்தி எடுத்தவருக்கு இந்தத் தொற்று வரும் ஆபத்து கூடுதல். மூன்றில் ஒருவருக்கு எந்த அறிகுறியும் தெரியாமலும் போவதுண்டு. அதனால்தான் உலகம் முழுவதிலும் ஈரல் மருத்துவர்களின் வழிகாட்டிகள் ஒரே குரலில் சொல்கின்றன: ஈரல் இறுகி வயிற்றில் நீர் கோத்தவர் எந்தக் காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாலும், அவருடைய வயிற்று நீரைச் சோதித்தாக வேண்டும்.

வீட்டில் ஏன் நாள் கடக்கிறது என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். வெட்கம். "குடிச்சுக் குடிச்சுக் கெடுத்துக்கிட்டாரு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கொண்டுபோறது" என்று சொல்லும் மனைவிகளை, மகன்களை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் யாராவது முகம் சுளித்துவிட்டால் அந்த வெட்கம் இரட்டிப்பாகிவிடும். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு இருந்த பணம் சம்சுவுக்குப் போனதை, பிள்ளைகள் பயந்து ஒடுங்கிக் கிடந்ததை நீங்கள்தான் அனுபவித்தீர்கள். அதை மறக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் இந்தப் பழக்கம் நம்மவர்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1896-இல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் அது பெரிய தோட்டமாக விரிந்தது. அந்தக் காலத்தில் மலாயா எங்கும் முளைத்த தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன் பாட்டிமார் கொண்டுவரப்பட்டார்கள். லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பளம் வாங்கிய கை அங்கேதான் முதலில் போயிற்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கு எதிராக ஊர்வலம் போனது. நம் மக்கள் இதை எதிர்த்துப் போராடியவர்கள். அப்படியிருந்தும் கள்ளுக்குப் பின்னால் மலிவான சம்சு வந்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை நோயாளிகளைப் பற்றி 2011-இல் வந்த ஆய்வு, இந்தியர்களிடையே ஈரல் இறுகலுக்கு முதல் காரணம் மது என்றும், மலாய்க்காரர்களிடையேயும் சீனர்களிடையேயும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி என்றும் காட்டியது. நூறு வருடத்துக்கு மேலாக ஒரு சமூகத்தின் மேல் ஊற்றப்பட்ட விஷத்துக்கு, படுக்கையில் கிடக்கும் ஒரு மனிதர் மட்டும் பொறுப்பாளி ஆகமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. நீரிழிவும் பருமனும் சேர்ந்து ஈரலில் கொழுப்பு படிந்து, அது இறுகலில் முடிந்தவர்களை இப்போது அதிகம் பார்க்கிறோம். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1989 முதல்தான் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் தங்களுக்கு அந்தக் கிருமி இருப்பது தெரியாமலே வாழ்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் வயிற்று நீரில் வரும் தொற்று ஒன்றுதான், செய்ய வேண்டிய சோதனையும் ஒன்றுதான். அவர் குடித்தாரா என்ற விசாரணையை அவர் பிழைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, ஊசியைப் பற்றிய பயம். "தண்ணி எடுத்தா ஆளு போயிருவாரு" என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. நீர் எடுத்த பிறகு இறந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்த பேச்சு அது. அவர்களில் பலர் எடுப்பதில் தாமதமானதால் இறந்தவர்கள். சோதனைக்கு எடுப்பது 20, 30 மில்லிலிட்டர்தான். வயிற்றின் கீழ்ப்பக்கத்தில், பெரும்பாலும் இடப்புறம், மரத்துப்போக மருந்து போட்டு, மெல்லிய ஊசியால் எடுக்கிறார்கள். ஈரல் நோயாளிக்கு ரத்தம் உறைவது தாமதப்படும் என்பது உண்மை. ஆனாலும் இந்த ஊசியால் ஆபத்தான ரத்தக்கசிவு ஏற்படுவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. முன்கூட்டியே பிளாஸ்மா ஏற்ற வேண்டியதும் வழக்கமாக இல்லை. ஆகவே ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், பிளாஸ்மா வரட்டும் என்று நீர் எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டிய அவசியம் பொதுவாகக் கிடையாது. சொந்தக்காரர்கள் கூடி வேண்டாமென்று சொன்னால், இதைச் சொல்லிப் புரியவையுங்கள். சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போடத் தயங்கி ஓர் இரவைக் கடத்திவிடாதீர்கள்.

எடுத்த நீரை வைத்து என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். நீர் தெளிவாக இருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்பதை வைத்து முடிவு சொல்ல முடியாது. தெளிந்த நீரிலும் கிருமி இருப்பதுண்டு. நாங்கள் பார்ப்பது, கிருமியோடு சண்டை போட வரும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களை. ஒரு கன மில்லிமீட்டரில் அவை 250 அல்லது அதற்கு மேல் இருந்தால், தொற்று என்று முடிவு கட்டி உடனே மருந்து தொடங்க வேண்டும். இதற்கு ஊதாநிற மூடி போட்ட குழாயில் நீரை எடுக்க வேண்டும். தோட்டத்தில் ரப்பர் பால் உறைந்துபோகாமல் இருக்க அமோனியா ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழாய்க்குள் இருக்கும் மருந்தின் வேலையும் அதுதான். உறைந்த நீரில் அணுக்கள் சிக்கிக்கொண்டு எண்ணிக்கை தப்பாகிவிடும். அதே நேரத்தில், படுக்கையருகிலேயே, கிருமி வளர்க்கும் புட்டிகளில் பத்துப் பத்து மில்லிலிட்டர் ஊற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு வந்த பிறகு வளர்க்கப் பார்த்தால் பாதிப் பேரிடம்தான் கிருமி பிடிபடும். படுக்கையருகிலேயே புட்டியில் இட்டால் அது ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு உயரும் என்று 1980-களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கிருமி வளர்ந்து தெரிய நாளாகும். அதுவரை மருந்துக்குக் காத்திருக்கக் கூடாது. அணு எண்ணிக்கையே முதல் தீர்ப்பு. அது சில மணி நேரத்தில் கிடைக்க வேண்டியது. இப்போது பல ஆய்வுக்கூடங்களில் தானியங்கி இயந்திரமே எண்ணித் தந்துவிடுகிறது.

சில மணி நேரம்கூட ஏன் ஆக வேண்டும், சில நிமிடத்தில் சொல்ல வழியில்லையா என்று மருத்துவர்கள் நெடுநாளாகத் தேடி வருகிறார்கள். சிறுநீரைச் சோதிக்கும் நிறப்பட்டைத் துண்டை நீங்கள் கிளினிக்கில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை அணுக்கள் விடும் ஒரு நொதி பட்டால் அதில் ஒரு கட்டம் ஊதாநிறமாக மாறும். அதை வயிற்று நீரில் நனைத்துப் பார்த்தால் என்ன என்று ஐரோப்பாவில் முயன்றார்கள். 2003-இல் பார்சலோனாவிலிருந்து வந்த முடிவு நம்பிக்கை தந்தது. பிறகு பிரான்சில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2,000-க்கு மேற்பட்ட நீர் மாதிரிகளில் வேறொரு நிறுவனத்தின் பட்டையைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டன. தொற்று இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை அந்தப் பட்டை தவறவிட்டது. காரணம் எளிது: அது சிறுநீருக்கு அளந்து செய்த பட்டை. வயிற்று நீரில் அணுக்கள் குறைவாக இருக்கும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு வயிற்று நீருக்கென்றே அளவு வைத்து, மூன்று நிமிடத்தில் சொல்லும் பட்டையை உருவாக்கினார்கள். அது தொற்று இல்லை என்று காட்டினால் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தொற்று இருப்பதாக அது காட்டுபவர்களில் பலருக்கு உண்மையில் தொற்று இருப்பதில்லை. ஆகவே எண்ணிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். வெள்ளை அணுக்களிலிருந்து வெளிவரும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தை, கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் போன்ற ஓர் அட்டையில் அளக்கும் முறையும் ஆராயப்பட்டு வருகிறது.

என் கருத்தைக் கேட்டால், நள்ளிரவில் எண்ணிச் சொல்ல ஆள் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு இப்படி ஒரு விரைவுச் சோதனை வர வேண்டும். ஆனால் எந்தப் பட்டையானாலும், எந்த அட்டையானாலும், அதில் நனைக்க முதலில் நீர் வேண்டும். ஊசி போடாதவரை உலகத்திலேயே வேகமான சோதனையும் பயன்படாது. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் சிறுநீர்ப் பட்டை வாங்கி வீட்டில் சிறுநீரைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று ஆறுதல் அடையாதீர்கள். அந்தச் சோதனை வயிற்று நீரைப் பற்றி எதுவும் சொல்லாது.

தாமதத்தின் விலை என்னவென்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தத் தொற்று வந்த 239 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த 12 மணி நேரத்துக்குள் நீர் எடுக்கப்பட்டவர்களில் 13 விழுக்காட்டினர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எடுக்கப்பட்டவர்களில் 27 விழுக்காட்டினர் இறந்தார்கள். தாமதித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இறப்பு 3.3 விழுக்காடு கூடியது. அதே ஊசி, அதே மருந்து. நேரம் மட்டும் வேறு.

தொற்று உறுதியானால் சிகிச்சை உண்டு. செஃபோடாக்சிம் போன்ற கிருமிக்கொல்லியை ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பார்கள். கூடவே அல்புமின் என்ற புரதத்தை முதல் நாளும் மூன்றாம் நாளும் ஏற்றினால் சிறுநீரகம் காப்பாற்றப்படும் என்று 1999-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் நிரூபித்தார்கள். கிருமிக்கொல்லி மட்டும் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். அல்புமினும் பெற்றவர்களில் 10 விழுக்காட்டினர். ஒரு தொல்லை, வழக்கமான மருந்துக்கு மசியாத கிருமிகள் நம் ஆசியப் பகுதியில் அதிகம். பல நாடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்வில் இந்தியாவின் நிலை எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் மீந்துபோன ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். நீரில் எந்தக் கிருமி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அதனால் கடினமாகிவிடும். உடம்புவலிக்கு ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். சிறுநீரகத்தை அவை சாய்த்துவிடும்.

இப்போது, நீங்கள் செய்ய வேண்டியது. மருந்துப் பையில் ஒரு தாள் வைத்திருங்கள். ஈரல் இறுகல் எந்த வருடம் தெரிந்தது, கடைசியாக எப்போது நீர் இறக்கினார்கள், இதற்கு முன் வயிற்று நீரில் தொற்று வந்ததா, என்னென்ன மாத்திரை, எதற்கு அலர்ஜி என்று எழுதி வையுங்கள். மேலே சொன்ன மாற்றங்களில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள். குழப்பமும் மயக்கமும் இருந்தால் 999-ஐ அழையுங்கள். எமர்ஜென்சியில் டாக்டரிடமோ நர்ஸிடமோ தெளிவாகச் சொல்லுங்கள்: ஈரல் இறுகல் உள்ளவர், வயிற்றில் நீர் இருக்கிறது, இன்றைக்கு அந்த நீரை எடுத்துச் சோதிக்க முடியுமா? மலாயில், "பெருட் அடா ஆயெர், தோலோங் அம்பில் சம்பெல் ஹாரி இனி" என்றால் போதும்.

குரலை உயர்த்த வேண்டாம். கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம். எமர்ஜென்சியில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் பலரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்; நீங்கள் நினைவூட்டுவது அவர்களுக்கு உதவி. "நாளைக்கு ஸ்பெஷலிஸ்ட் வந்து பார்ப்பார்" என்றால், அதற்குள் சோதனைக்கு மட்டும் கொஞ்சம் நீர் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஜாசின், அலோர் காஜா ஆஸ்பத்திரியிலிருந்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதாக இருந்தால், அனுப்பும் முன்பே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மருந்து தொடங்கி இரண்டு நாள் ஆகியும் அவர் தேறவில்லையென்றால், மறுபடி நீர் எடுத்து எண்ணிக்கை இறங்கியிருக்கிறதா பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

வீடு திரும்பிய பிறகும் கவனம் வேண்டும். ஒருமுறை வந்தவருக்குத் தடுப்பு மருந்து இல்லாவிட்டால், ஒரு வருடத்துக்குள் மறுபடி வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. தினமும் ஒரு தடுப்பு மாத்திரை அதை வெகுவாகக் குறைக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த மாத்திரை எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். காரணமில்லாமல் தொடர்ந்துவரும் வாய்வு மாத்திரை தேவைதானா என்றும் கேளுங்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சில மாத்திரைகளுக்கும் இந்தத் தொற்றுக்கும் தொடர்பு இருக்கலாமென்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். குடியை விட்டவர்களுக்கு ஈரல் ஓரளவு தேறி, வயிற்று நீரே வற்றிப்போவதும் உண்டு. இந்தக் கண்டத்தைத் தாண்டினால்தான் அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கும்.

உங்கள் கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ இப்படி வயிறு பெருத்த ஒருவரைப் பார்த்தால், அவர் வீட்டாரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத இளையவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். "வயிற்று நீரை இன்றைக்கே சோதியுங்கள்" என்ற ஒரு வரி அவர்களுக்கு மனப்பாடமானால் போதும். அந்த ஊசியைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அவரைப் பார்த்துக்கொள்பவர் என்ற முறையில் அது உங்கள் கடமையும்கூட.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
ஆயர் குரோ, மலாக்கா